கையகலத் திரையில் ஒரு முகம்

“கொஞ்சம் தள்ளுறீங்களா, மேடம்? வாங்க வந்தவங்களும் பார்க்கணும்ல...”

காதுக்குப் பின்னால் குரல் கேட்டதும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தப் பெரிய லேப்டாப் முன்னால் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, அவளுக்கே தெரியாது. ஜன்னல் மாதிரி அகலமான திரை. அதில் ஒரு கடலலை மெதுவாக எழுந்து, மெதுவாக உடைந்து... நுரையின் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னியது. அவள் படத்தொகுப்பாளர். யாரோ எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. அதனாலேயே கூட வேலை செய்பவர்கள் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளைக் கொண்டுபோய் இப்படியொரு திரை முன்னால் நிறுத்தினால் நகர மனம் வருமா?

“நானும் வாங்கத்தான் வந்திருக்கேன்,” என்றாள் விறைப்பாக.

“அப்படியா? ரொம்ப நேரமா தடவிக் கொடுத்துட்டே இருந்தீங்க... நாய்க்குட்டியோன்னு நினைச்சேன்.”

நெடுநெடுவென்று உயரம். வெயிலில் கறுத்த முகம். சட்டைக் கையில் காய்ந்துபோன சிமெண்ட் திட்டு. உதடு சிரிக்கவில்லை; ஆனால் அந்தக் கண்கள்... அவை எப்போதோ சிரிக்க ஆரம்பித்திருந்தன. அது வேறு அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“இந்தப் பெரிய மாடல்ல இது ஒண்ணுதான் இருக்கு,” என்று கடைக்காரர் இடையில் புகுந்தார். “ரெண்டு பேர்ல யாருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா பில் போட்டுடுவேன்.”

“நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க, சார்?” என்று அவனையே கேட்டாள்.

“பாலம் பார்க்குற வேலை.”

“பாலத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்களே!”

“எல்லாரும் மேல நின்னு பார்ப்பாங்க. நான் அடியில தொங்கிட்டுப் பார்ப்பேன். எங்க விரிசல் விட்டிருக்கு, எங்க கம்பி துருப்பிடிச்சிருக்குன்னு போட்டோ எடுக்கணும். முடியளவு விரிசல்கூட தெரியணும். அதான் பெரிய ஸ்க்ரீன்.”

“இதைத் தூக்கிட்டுப் பாலம் பாலமா ஏறுவீங்களா? தோள்பட்டை கழண்டு கையோட வந்துடும். அலையுற வேலைக்குச் சின்னதுதான் சரி.”

“என் தோள்மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா?”

அவளுக்குக் கன்னம் சுட்டது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவளோடு வந்திருந்த அண்ணன் கவுண்டர் பக்கமிருந்து ஒரு சின்ன லேப்டாப்பைத் தூக்கிக் காட்டிக் குரல் கொடுத்தார். “இங்க வந்து பாரும்மா! கையில எடுத்தா பூ மாதிரி இருக்கு. சோபாவுல வை, சாப்பாட்டு மேசையில வை, மடியில வை... தனியா ஒரு ரூமே வேண்டாம்!”

அதுதான் விஷயம். அண்ணி மாசமாக இருந்தார். வரப்போகும் குழந்தைக்கு ஓர் அறை வேண்டும் என்று அண்ணன் பேச்செடுத்தபோது, “அதுக்கென்ன, என் ரூமை எடுத்துக்கோங்க” என்று முந்திக்கொண்டு சொன்னவள் அவள்தான். சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து அழுதது ஒருவருக்கும் தெரியாது.

அவள் முகம் வாடியதைப் பாலத்துக்காரன் கவனித்துவிட்டான். விரிசல் பார்த்துப் பழகிய கண்ணாயிற்றே!

“நீங்களே எடுத்துக்கோங்க,” என்றான் தணிந்த குரலில். “நான் விட்டுத் தர்றேன்.”

“விட்டுத் தர்றதுக்கு இது என்ன பஸ் சீட்டா?” சுருக்கென்று வந்தது வார்த்தை. “எனக்குச் சின்னதே போதும்!”

வீம்புக்குச் சின்னதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்... மழை. ஊரையே ஒரு சாம்பல் நிறச் சேலையால் போர்த்திவிட்டாற்போல் மழை. அண்ணன் வண்டி எடுக்கப் போயிருந்தார். கடையின் நீட்டிய கூரைக்கடியில் அவள் ஒதுங்கி நிற்க, பக்கத்தில் வந்து நின்றது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் அவன். தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் மட்டும் கூரைக்கு வெளியே தெப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க, சிரிங்க... அதுக்கு ஜலதோஷம் பிடிச்சா யார் பார்க்கிறது?” என்றான். இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கியது. விழுமா, விழாதா... அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை அது விழவேயில்லை.

*

மழைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய மேசை அறையைவிட்டுப் போய், தொட்டில் வந்தது. சாப்பாட்டு மேசையின் ஓரம் அவளுடையதாயிற்று. சின்ன லேப்டாப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது, உண்மைதான். ஆனால் திரையிலும் ஒன்றுமே தெரியவில்லையே! கூன் போட்டுக் கூன் போட்டுக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு காட்சியின் மூலையில் ஒலிவாங்கி எட்டிப் பார்த்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான், அவள் அக்கா என்று அழைக்கும் இயக்குநர் ஒருவரின் ஆவணப்படம் அவள் கைக்கு வந்தது. ஆற்றின் மேல் நிற்கும் ஒரு பழைய பாலத்தைப் பற்றிய படம். காட்சிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கீழே ஆறு நுரைத்து ஓட, பாலத்தின் வயிற்றுக்கடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான் ஒருவன். தலைக்கவசம். கட்டைவிரல் அளவு முகம். ஆனால் அந்தச் சிரிப்பு...

‘அவரா? அவரேதான்!’

காட்சி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரிதாக்கினாள். சத்தியமாக அதற்குத்தான். அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பாலத்துத் தூணைத் தட்டி, அதில் காது வைத்துக் கேட்கிறான். குழந்தையின் நெஞ்சில் காது வைப்பதுபோல. அவள் விரல் நிறுத்தும் விசையிலிருந்து எழவேயில்லை. வாசலில் மழை பெய்தது... தூணுக்குள் அவன் கேட்டது என்னவாக இருக்கும் என்று யோசித்தபடியே ஒரு பகல் கரைந்துபோனது.

முதல் தொகுப்பைப் பார்த்த இயக்குநர் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஏண்டி கத்திரி, படம் பாலத்தைப் பத்தியா, இந்த ஆளைப் பத்தியா? உன் கத்திரி இவர்கிட்ட மட்டும் மழுங்கிப் போச்சே!”

“கண்டினியூட்டிக்காக... காட்சி விட்டுப் போகாம தொடர்ந்து வரணுமேன்னு வச்சேன்க்கா...”

“நல்ல கண்டினியூட்டி! சரி, பேட்டியில பாதி காத்துச் சத்தம்தான் கேக்குது. அவரை உன் வீட்டுக்கு அனுப்பறேன். குரலை மட்டும் திரும்பப் பதிவு பண்ணிக்கோ.”

*

கதவைத் திறந்தாள். ஒரு பக்கத் தோள் இறங்கிப் போய், முதுகில் பெரிய பையோடு நின்றான் அவன்.

“நீங்களா?” என்றான் ஆச்சரியமாக. வரப்போவது யாரென்று தெரிந்தே காத்திருந்தவள், தெரியாதவள்போல் அதையே திருப்பிக் கேட்டாள்.

“உள்ள வரச் சொல்லுடி, வாசல்லயே பேட்டி எடுக்காதே,” என்று உள்ளிருந்து அண்ணி சிரித்தார்.

பதிவுக்கு அமைதியான இடம் வேண்டும். தொட்டில் அறை மூலையில், ஓசை எதிரொலிக்காமல் இருக்க ஒரு கனத்த போர்வையைக் கொடியில் போட்டு, அதற்குள் நாற்காலியும் ஒலிவாங்கியும் வைத்திருந்தாள். அவன் போர்வைக்குள் உட்கார, அவள் வெளியே காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள்.

“ஒரு பாலம் தானா ‘எனக்கு வலிக்குது’ன்னு சொல்லாது,” என்றது அவன் குரல், அவள் காதுக்குள், மூச்சுக்காற்று படுகிற நெருக்கத்தில். “நாமதான் பக்கத்துல போய்ப் பார்க்கணும். அது பாட்டுக்குச் சுமந்துக்கிட்டே நிக்கும்...”

சரியாகத்தான் பேசினான். ஆனாலும், “இன்னொரு தடவை,” என்றாள். பிறகு இன்னும் ஒரு தடவை.

“தப்பா சொல்றேனா?” என்று போர்வையிலிருந்து தலையை நீட்டினான்.

“இல்ல... மழைச் சத்தம் விழுந்துடுச்சு,” என்று பொய் சொன்னாள். கண்கள் முட்டிக்கொண்டன. முதலில் தாழ்ந்தது யாருடைய பார்வை என்று இருவருக்கும் தெரியாது.

வெளியே சாப்பாட்டு மேசைக்கு வந்ததும், ஊறுகாய் பாட்டிலுக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில் இருந்த சின்ன லேப்டாப்பை அவன் பார்த்தான். அவள் கழுத்தைத் தேய்த்துக்கொள்வதையும் பார்த்தான். பையைத் திறந்து பெரியதை எடுத்து மேசையில் வைத்தான்.

“நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. தோளு போச்சு. பாலத்து மேல இதை விரிச்சு வைக்கவே இடம் இல்ல. மாத்திக்கலாமா? இது உங்ககிட்ட இருக்கட்டும்.”

ஆசைதான். கை நீண்டும் விட்டது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன வீம்பு முந்திக்கொண்டது. “என் கழுத்தைப் பார்த்துப் பாவப்பட்டீங்களா? அதெல்லாம் வேண்டாம். எனக்கு இதுவே பழகிடுச்சு.”

அவன் கண்களிலிருந்த சிரிப்பு, விளக்கணைத்தாற்போல் அணைந்தது.

“யாராவது ஏதாவது குடுத்தா பாவப்பட்டுக் குடுக்கிறாங்கன்னே எடுத்துக்கிட்டா... உங்க பக்கத்துல யாருங்க வர முடியும்?”

பையை மூடினான். தோளில் மாட்டினான். மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

அவள் மேசை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணி மெல்ல வந்து எதிரில் அமர்ந்தார். “ரூமைக் கேட்டப்ப வேண்டாம்னு சொல்லலை நீ. இப்போ வேணும்ங்கறதையும் சொல்ல மாட்டேங்கற. உன் மனசுல இருக்கிறதை நாங்க சோசியம் பார்த்தா தெரிஞ்சுக்கணும்?”

“அண்ணி... நான் அழுதது உங்களுக்கு...”

“குழாயைத் திறந்துவிட்டுட்டா ஒண்ணும் கேட்காதுன்னு நினைப்பா? நீயா வாயைத் திறந்து கேப்பேன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

அன்று மாலை அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் முன்னால் போய் நின்றாள். “அண்ணா, எனக்கு என் ரூம் திரும்ப வேணும். கதவு இருக்கிற ரூம். தொட்டிலை உங்க ரூம்ல போட்டுக்கலாம். பிறந்த குழந்தை எப்படியும் அம்மா பக்கத்துலதான் படுக்கும்.”

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். “நீயாத்தானே எடுத்துக்கோங்கன்னே? உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா... லூசு! இதைச் சொல்ல இவ்வளவு நாளா?” என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தொட்டில் இடம் மாறியது.

*

மறுநாள் காலை பஸ் பிடித்து ஆற்றுப் பாலத்துக்குப் போனாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனமெல்லாம், பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்ததும் மறந்துபோனது. கீழே, மிகக் கீழே, கயிற்றில் ஆடிக்கொண்டு அவன். திரையில் கட்டைவிரல் அளவே பார்த்துப் பழகியவள், அந்த உயரத்தை நேரில் பார்த்ததும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

ஈரமும் துருவும் அப்பிய கைகளோடு அவன் மேலே ஏறி வந்தான். அவளைப் பார்த்தவன் இடுப்புக் கொக்கியைக் கழற்றக்கூட மறந்து நின்றான்.

“ரெக்கார்டிங் மறுபடியும் பண்ணணுமா?” குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

“இல்ல. மாத்திக்க வந்தேன்.” சின்ன லேப்டாப்பை நீட்டினாள். “எனக்குப் பெருசு வேணும். நேத்தும் வேணும்தான். கடையில பார்த்த அன்னிக்கே வேணும்தான்... கேட்க வாய் வரலை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு இல்ல...” தூறல் ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினாள். “குரல் முதல் தடவையே நல்லாத்தான் வந்துச்சு. நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஃபோகஸ் பார்க்கிறேன்னு சொல்லி உங்க முகத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கி... புள்ளி புள்ளியா உடையுற வரைக்கும் பார்த்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!”

ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஐயோ, உளறிட்டேனோ...’ மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவ்வளவு உயரமான மனிதனுக்கு வெட்கம் வந்தால் எங்கே ஒளிந்துகொள்வான், பாவம்!

“அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனேங்க,” என்றான். “நீங்க வருவீங்களோன்னு... சும்மா போய் நிக்க முடியுமா? ஒரு மௌஸ் வாங்கினேன். அடுத்த வாரம் இன்னொரு மௌஸ். இப்போ வீட்டுல எலிப் பண்ணையே வச்சிருக்கேன்.”

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பும்வரை சிரித்தாள். அவனுடைய கண்களும் பழையபடி ஒளிர ஆரம்பித்தன.

“உங்க அண்ணன்கிட்ட நான் வந்து பேசட்டுமா?”

“அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க முதல்ல என்கிட்ட பேசுங்க.”

“என்ன பேசணும்?”

“எலியைப் பத்தியெல்லாம் சொன்னீங்க...” அவள் கன்னத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. “சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லலையே.”

அவன் துரு அப்பிய கைகளைச் சட்டையில் துடைத்தான். போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தான். பிறகு அழுக்கோடு அழுக்காகவே அவளுடைய விரல்களைப் பற்றிக்கொண்டு, அவள் மட்டும் கேட்கும்படி குனிந்தான்.

“பிடிச்சிருக்கு... ரொம்ப.”