சாய்ந்த தலை

இப்போதெல்லாம் எவனும் உறவுக்காரன் வீட்டுப் படியேறுவதில்லை. ஆனால் தன் தாத்தா பல் விளக்கிய படத்தைக்கூட ஊருக்கே காட்டிவிடுகிறான். குழாய் மேஸ்திரிக்கு அதுதான் எரிச்சல். தகரப் பெட்டியில் அவர் பூட்டி வைத்திருந்த குடும்பப் படங்களை மகள் எடுத்துப்போய், ஆண்டு வரிசையில் ஒரே கோட்டில் கோத்து, இணையத்தில் ஏற்றி, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தாள்.

“கோட்டுல இருக்கற புள்ளியைத் தொட்டா படம் பெருசாகும்ப்பா. அவங்கவங்க வச்சிருக்கறதையும் இதுல சேர்க்கலாம்.”

“கண்டவனும் கை வைக்கிற குழாய் என்னிக்கும்மா ஒழுகாம இருந்திருக்கு?”

அவள் சிரித்தாள். வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடையும், உள்ளறையில் பிரிட்ஜ் விட்டு விட்டு முனகும் சத்தமும், அவளது மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்து அறையைச் சிறிதாக்கியிருந்தன.

திரையில் அவரது கல்யாணப் படத்தின் ஓரத்தில், கேட்டருகே ஒரு நிழல். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“படம் எடுத்தவர் நிழலா இருக்கும்,” என்றாள் மகள்.

அவள் பிறந்த அன்றைய படத்தில் அதே சாய்ந்த தலை, ஆஸ்பத்திரி அறையின் கதவில். அந்தப் படத்தை எடுத்தது மேஸ்திரி. அவர் கழுத்து நேராகத்தான் இருக்கிறது.

“அந்தக் கோட்டைக் கொஞ்சம் வேகமா இழு.”

இழுத்தாள். படங்கள் ஓடின. நிழல் நடந்தது.

கேட். கதவு. தொட்டிலின் கால்மாடு. பள்ளிக்கூட பெஞ்சுக்குப் பின்னால். ஒவ்வொரு படத்திலும் ஓரடி, அவளை நோக்கி. பெட்டியில் படங்கள் கலைந்து கிடந்த வரையில் இது யார் கண்ணிலும் படவில்லை. வரிசையாக அடுக்கியதும் நடக்க ஆரம்பித்துவிட்டது.

“அழிச்சுடும்மா.”

“ஸ்கேன் பண்ணப்ப விழுந்த அழுக்குப்பா.”

போன் மணியடித்தது. மகளின் சித்தி அந்தக் கோட்டில் ஒரு படம் சேர்த்திருந்தாள். போன மாதம், சித்தி வீட்டில், சித்தியின் போனில் எடுத்தது. கை நீட்டினால் மகளைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்றது அந்த நிழல்.

“இன்னிக்குன்னு ஒண்ணு போட்டாத்தான் கோடு முடியும்,” என்றபடி மகள் போனை உயர்த்தினாள்.

“வேண்டாம்னு சொல்றேன்ல!”

எடுத்துவிட்டாள்.

படத்தில் இரண்டு பேர். சுவரில் மூன்று நிழல். மூன்றாவதன் விரல்கள் அவள் தோளில்.

அறையில் ஒரே விளக்கு.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

“எழுந்து வா.” அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஈரத் தரை. யாருமில்லை.

“எல்லாம் கம்ப்யூட்டர் பண்ற பித்தலாட்டம். எதை வேணும்னாலும் ஒட்டுவானுங்க.”

“அப்பா.”

“பேசாம நட.”

“அப்பா... மெதுவா. ரெண்டு பக்கமும் இழுத்தா வலிக்குதுப்பா.”

திரும்பினார். தெருவிளக்கின் கீழே அவளது மறு கை பின்னால் நேராக நீண்டிருந்தது, மணிக்கட்டில் ஐந்து குழிகள் அழுந்தி.

“நான் இதையெல்லாம் நம்ப மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, பிடியை விடாமல், மேஸ்திரி நடையை எட்டிப் போட்டார்.