எதிர்வீட்டு கேட்டில் ஜப்தி நோட்டீஸ்

"ஐயோ... சம்புல பொணம் கீதுப்பா!"

வீட்டு வேலை செய்யும் கங்கையம்மாள் போட்ட அலறலில், சேலையூரின் அந்தத் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது.

எதிர்வீட்டுத் தோத்தாத்ரியும் வந்தார், கையில் காபி டம்ளரோடு.

சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, இருந்தது சத்யநாராயணன் வீட்டில். ஆறு மாதம் முன்பு வரை அதுவும் தோத்தாத்ரி வீடு மாதிரி சாதாரண வீடுதான். இப்போதோ... கிரானைட் படி! கண்ணாடி பால்கனி! தேக்குக் கதவு! பார்க்கும்போதெல்லாம் தோத்தாத்ரிக்கு வயிறு எரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று.

பத்து நாளாகத்தான் நிம்மதி. வீட்டைப் புதுப்பித்த கான்ட்ராக்டர் பாலுவுக்கு ஒன்பது லட்சம் பாக்கி. பாலு கேஸ் போட, கோர்ட் அமீனா வந்து கேட்டில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். வீட்டை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது!

இன்று சம்பில் கிடந்தது... அதே பாலு!

இன்ஸ்பெக்டர் ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள்.

"தலையில அடி. யாரு மேல சந்தேகம்?"

தோத்தாத்ரி முந்திக்கொண்டார்.

"இதுல சந்தேகம் என்ன மேடம்? வீட்டையே ஜப்தி பண்ணவன் மேல சத்யநாராயணனுக்குக் கோபம் இருக்காதா? நோட்டீஸ் இன்னும் கேட்லயே இருக்கு, பாருங்கோ!"

அப்போது ஒரு கார் வந்து நின்றது. வண்டலூரில் மகள் வீட்டில் தங்கியிருந்த சத்யநாராயணன் பதறி இறங்கினார்.

"மேடம்! பாலுவுக்கு மொத்தப் பணமும் கொடுத்தாச்சு. நேத்து கோர்ட்ல ஜப்தியையும் எடுத்தாச்சு. இத பாருங்க!"

செல்போனில் பாலு அனுப்பிய போட்டோ. இன்று காலை ஆறு பத்து. வெறும் கேட்... முன்னால் நோட்டீஸும் கையுமாகச் சிரிக்கும் பாலு! கூடவே வாய்ஸ் மெசேஜில் அவன் குரல்.

"சார், நோட்டீஸ உரிச்சிட்டேன். இனிமே இன்னா வில்லங்கம்? வூடு உங்களுது சார்!"

ஞானசௌந்தரியின் புருவம் உயர்ந்தது.

"அப்போ திரும்ப ஒட்டினது யாரு?"

கேட்டுக்குப் போனாள். நோட்டீஸின் மேல் சாரை சாரையாக எறும்பு! ஓரத்தைப் பிரித்தாள். மசிந்த மஞ்சள் பருக்கைகள்... நெய் வாசனை... அரை முந்திரி!

"சர்க்கரைப் பொங்கல்ல நோட்டீஸ் ஒட்டற அமீனாவ நான் பார்த்ததே இல்லையே!"

தோத்தாத்ரிக்குக் காபி கசந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சுந்தரவல்லி தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள்.

"காலங்கார்த்தால வந்திருக்கேள், பிரசாதம் சாப்பிடுங்கோ மேடம். புரட்டாசி சனிக்கிழமையாச்சேன்னு நாலு மணிக்கே எழுந்து பொங்கல் பண்ணினேன். பெருமாளுக்குக் காட்டறதுக்குள்ள இவர் ஒரு பிடி அள்ளிண்டு வாசலுக்கு ஓடறார்! கேட்டா பசியாம்!"

தூக்கைத் திறந்தாள். மஞ்சள்... நெய்... முந்திரி!

தோத்தாத்ரி வெடித்தார்.

"பத்தே பத்து நாள்தான் மேடம் நான் நன்னா தூங்கினேன்! அது பொறுக்கலையா அவனுக்கு? இன்னும் ரெண்டு நாள் கேட்லயே இருக்கட்டும்டான்னு கெஞ்சினேன். சிரிச்சான்... தள்ளிட்டேன்! கிரானைட் படியில தலை மோதிடுத்து, சம்புல போட்டுட்டேன்!"

சுந்தரவல்லியின் கையிலிருந்து தூக்கு நழுவியது.

ஞானசௌந்தரி ஜீப்பின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார். இனிமே உங்களுக்குப் பொங்கல் கிடையாது, களிதான். கவலைப்படாதீங்க... அது இன்னும் நல்லா ஒட்டும்!"