பூஜைக்கு வைத்த குறடு

மாடிப்படி ஏறும்போதே அன்புச்செல்வி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பீளமேடு மெயின் ரோட்டில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தோடு தானும் ஒதுங்கியவன் போல, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். சோமனூரில் அவள் பஸ் ஏறியபோதும் அதே ஹெல்மெட் அங்கே நின்றது.

கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. மேலே ஒற்றை அறை. அங்கே உட்கார்ந்திருந்த திருமூர்த்தி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த மில்களின் சாம்பலைக் கிளறியே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாகத் துப்பு துலக்கினார். அவருடைய உதவியாளர் ரம்லா சட்டம் படித்தவள். சாம்பலைக் கிளறுமுன்பே கொளுத்தியவன் பெயரைச் சொல்லத் துடிப்பவள்.

"உக்காருங்க அம்மணி. மொதல்ல தலையைத் துவட்டுங்க" என்று துண்டை நீட்டினார் திருமூர்த்தி.

அன்புச்செல்வி துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, துவட்டவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போலீஸ்ல என்னைப் புடிச்சுட்டுப் போயிருவாங்கங்க" என்றாள்.

அவள் அரசாங்கத்தின் கிராமக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். ஊர் ஊராகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக வாங்கிய பம்ப் மோட்டார்களைச் சோதித்து வாங்கியது அவள். பெரியநாயக்கன்பாளையத்தில் காண்ட்ராக்டர் பிரவின்குமாரின் பட்டறைக்கே போய், ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, கம்பியில் கோத்த ஈயக் குண்டைக் குறட்டால் நசுக்கி முத்திரை வைத்தாள். அந்த முத்திரைக் குறட்டில் அவளுடைய எண் மட்டுமே பதியும். மோட்டார்கள் சோமனூர் ரோட்டிலிருக்கும் அரசாங்கக் குடோனுக்குப் போயின. தீபாவளி முடிந்து ஊர்களில் மாட்டினார்கள். மாட்டிய வேகத்தில் ஒவ்வொன்றாகப் புகைந்து நின்றன. பிரித்துப் பார்த்தால், உள்ளே எல்லாம் பழைய மோட்டார். மேலே புதுப் பெயின்ட், புதுப் பெயர்த்தகடு. தொங்கியதோ அவளுடைய முத்திரை.

பிரவின்குமார் முந்திக்கொண்டு மனு கொடுத்துவிட்டான். தான் கொடுத்தது புதுசு என்றும், பொறியாளரம்மா தன்னிடம் லஞ்சமும் வாங்கிக்கொண்டு, புது மோட்டார்களை வெளியே விற்றுவிட்டுப் பழசுக்கு முத்திரை வைத்துவிட்டார் என்றும் அதில் எழுதியிருந்தான். லஞ்ச ஒழிப்புப் போலீஸ் வந்து அவள் மேஜை டிராயரைத் திறந்தது. அவள் கண்ணால் கண்டிராத நோட்டுக்கட்டு ஒன்று அதில் இருந்தது.

"உங்களுக்கு மேல யாருங்க?" என்றார் திருமூர்த்தி.

"கோபாலசாமி சார். செயற்பொறியாளர். அவரு ஒருத்தர்தானுங்க எனக்கு ஆதரவா இருக்காரு. சரியாப் பாக்காம முத்திரை வெச்சுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், வேலை போகும், ஜெயில் இருக்காதுன்னாரு. மத்தியானம் குடோனுக்கு வரச் சொல்லியிருக்காருங்க."

"போட்றாதீங்க அக்கா" என்று ரம்லா பாய்ந்தாள்.

"போடாம என்ன பண்றது? ஆபீசுக்கு போன் வருது. எங்கப்பா காளிச்சாமி, வேலை பாக்கற தறிக் குடோனுக்கு எந்த ரோட்டுல சைக்கிள்ல போறாரு, என்ன சட்டை போட்டிருக்காருன்னு சொல்லுது ஒரு குரல். சொல்லிப்போட்டுச் சிரிக்குது. நடுவுல பூச்சி கத்தற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம்." மடியிலிருந்த துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள். "எங்கப்பா பண்ணாடிக காட்டுல பண்ணையாளா இருந்து என்னைப் படிக்க வெச்சவருங்க. எங்க வளவுல மொத அரசாங்க உத்தியோகம் எனக்குத்தான். அவருகிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லலைங்க."

திருமூர்த்தி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். ஹெல்மெட் அங்கேயே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"முத்திரைக் குறடு எங்கீங்க?"

கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"இது எப்பவாச்சும் உங்க கையை விட்டுப் போச்சுங்களா?"

"போகவே இல்லைங்க. போலீஸ்லயும் அதையேதான் சொன்னேன். ஊட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போயிருவேன். தலமாட்டுல வெச்சுத்தான் தூங்குவேன்."

ரம்லா உதட்டைக் கடித்தாள். அந்தப் பதில்தான் இவளுக்கு விலங்கு என்று இருவருக்கும் தெரிந்தது.

"ஆயுத பூஜைக்கு?" என்றார் திருமூர்த்தி மெதுவாக.

"பூஜைக்கு எல்லாரும் சாமான் கொண்டாந்து குடோன்ல வெப்பாங்க. நானும் வெச்சேன். மத்த நாள் விஜயதசமிக்கு எடுத்துக்கிட்டேன்." நிறுத்தினாள். "அது சாமிக்கு வெச்சதுங்க. அன்னிக்கு யாரும் ஆயுதத்தைத் தொட மாட்டாங்களே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் குறடு அவளிடம் இல்லை. போலீஸ் துருவித் துருவிக் கேட்டபோதும் அது நினைவுக்கு வரவில்லை. சாமி முன்னால் வைத்ததைக் கைவிட்டுப் போனதாக யார் நினைப்பார்கள்?

"எடுத்தப்ப எப்படி இருந்துச்சு? அவசரமில்லை, கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடினாள். சரஸ்வதி படம், பொரி, வாடின சாமந்தி. ஸ்பானர், டேப், தராசு எல்லாவற்றிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். அவள் குறட்டில்?

"வெறுங் குங்குமம்" என்றாள். "சந்தனம் இல்லைங்க. குடோனைப் பாத்துக்கற கனகம் அக்காகிட்டச் சந்தனம் தீர்ந்துபோச்சாட்டன்னு அப்ப நெனச்சேன். அதுக்கப்புறம் இப்பத்தான் ஞாபகமே வருது."

திருமூர்த்தி எழுந்து குடையை எடுத்தார். "வாங்க, போற வழியில ஒரு மோட்டாரைப் பாத்துட்டுப் போயிரலாம். ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்குங்க அம்மணி. அந்தப் பொட்டைப் பத்தி அங்க யாருகிட்டயும் வாயே தொறக்கப்படாது."

காரில் போகும்போது ஹெல்மெட் பின்னாலேயே வந்தது. சூலூர் தாண்டியதும் காணவில்லை. காணாமல் போனது, வந்ததைவிடப் பயமாக இருந்தது. அப்பா இந்நேரம் எந்த ரோட்டில் இருப்பார் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சோமனூருக்கு முன்னால் ஒரு தொட்டியடி மோட்டார் அறையில், கருகிப்போன மோட்டார் ஒன்று ஓரமாகக் கிடந்தது. திருமூர்த்தி குனிந்து, பூதக்கண்ணாடியை ஈய முத்திரைமேல் பிடித்தார். பிறகு ரம்லாவிடம் கொடுத்தார். ரம்லா பார்த்துவிட்டு மூச்சை இழுத்து, அன்புச்செல்வியிடம் நீட்டினாள். அவளுடைய எண்ணின் பள்ளத்துக்குள், ஈயத்தோடு ஈயமாக அமுங்கி, சிவப்பு.

"பட்டறையில நான் முத்திரை வெச்சது பூஜைக்கு முந்திங்க" என்றாள். "அப்ப குறட்டுல குங்குமம் ஏது?"

"அதைத்தான் லஞ்ச ஒழிப்பு இன்ஸ்பெக்டருகிட்டச் சொல்லோணும்" என்ற திருமூர்த்தி, முக்கிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார்.

குடோனில் கோபாலசாமி காத்திருந்தார். தும்பைப்பூப் போல வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். அன்புச்செல்வியைப் பார்த்ததும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கூட வந்த இருவரையும் பார்த்து முகம் லேசாகச் சுருங்கியது. சொந்தக்காரர்களா என்று விசாரித்தார். அவர் பதிலுக்குக் காத்திருக்கும்போதே லஞ்ச ஒழிப்பு இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் உள்ளே வந்தார்கள். குடோன் பொறுப்பாளர் கனகம், முந்தானையைக் கசக்கியபடி சுவரோரம் நின்றாள்.

"இந்தக் குடோனுக்கு எத்தனை சாவிங்க?" என்று திருமூர்த்தி கேட்டார்.

ஒன்று தன்னிடம், இன்னொன்று பெரிய சாரிடம் என்றாள் கனகம்.

"என்னுது ஆபீஸ் பீரோவுல கெடக்குது" என்றார் கோபாலசாமி. "பூஜைக்கு நான் ஊர்லயே இல்லீங்க. தாராபுரத்துல, குடும்பத்தோட. இந்தக் குடோன் பூஜையை ஒரு வருசங்கூட நான் பாத்ததில்லை."

திருமூர்த்தி தலையாட்டிவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னார். முத்திரைக்குள் குங்குமம் இருக்கிறது. ஆகவே அது பூஜை போட்ட குறட்டால் குத்திய முத்திரை. அன்று ராத்திரி யாரோ பூட்டைத் திறந்திருக்கிறார்கள். லாரியில் பழைய மோட்டார் வந்தது, புதுசு போனது. சாமி முன்னாலிருந்து குறட்டை எடுத்து, பழசுக்கெல்லாம் முத்திரை குத்தி, பழையபடி வைத்துவிட்டார்கள்.

"லாரி கொண்டுவர ஒருத்தர், பூட்டைத் தொறக்க ஒருத்தர். லாரிக்காரர் யாருன்னு ஊகிக்கறது கஷ்டமில்லை. பூட்டைத் தொறந்தவரு மட்டும் கொஞ்சம் புத்திசாலி. வேலை செஞ்சதுல குறட்டுல இருந்த பொட்டு கலைஞ்சு போச்சு. அப்படியே உட்டா மறுநாள் சந்தேகம் வரும்னு, தொடைச்சுப்போட்டு மறுபடியும் பொட்டு வெச்சிருக்காரு." கனகத்தின் பக்கம் திரும்பினார். "பொட்டு வெக்கறது உங்க வேலைதானுங்களே?"

கனகத்தின் முகம் வெளுத்தது. "சாமி சத்தியமாங்க, பூஜை முடிச்சுப் பூட்டினதுதான். மத்த நாள் காலைலதான் தொறந்தேன்."

அன்புச்செல்வி, தன்னைப் போலவே நடுங்கும் இன்னொருத்தியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனுசரை நம்பி வந்தது தப்போ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

கோபாலசாமி சிரித்தார். கஷ்டப்பட்டுச் சிரித்த சிரிப்பு.

"ஏனுங்க, இதெல்லாம் ஒரு துப்பா? மோட்டாரை மாட்டறப்பவும் பூஜை போடுவாங்க, குங்குமம் அப்ப ஒட்டியிருக்கும். பொட்டை மாத்தி வெச்சாங்கங்கறதுக்கு என்ன சாட்சி? சந்தனமில்லாம வெறுங் குங்குமமா இருந்தா, கனகத்துகிட்டச் சந்தனம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். அதுக்கொரு கேஸா?"

ரம்லா வாயைத் திறந்தாள். திருமூர்த்தி கையைக் காட்டி அடக்கினார்.

"பொட்டு வெச்சாருன்னுதானுங்களே நான் சொன்னேன். சந்தனமில்லைன்னு சொல்லவே இல்லையே?"

கோபாலசாமியின் உதட்டில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "அது... இந்தப் புள்ளைதான் எங்கிட்டச் சொல்லுச்சு."

எல்லோரும் அன்புச்செல்வியைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் ஆதரவாகப் பேசிய முகம், இப்போது ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே மிரட்டியது. போனில் கேட்ட சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. எனக்கே இன்னிக்குக் காலைலதான் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப கனகம் சொல்லியிருப்பா."

"நான் வெச்சப்பச் சந்தனம் இருந்துச்சுங்களே" என்றாள் கனகம், புரியாமல். "வட்டில் நெறையக் கரைச்சு வெச்சிருந்தேன். எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சுத்தான் குங்குமம் வெச்சேன்."

"வட்டில்ல இருந்தது ராத்திரிக்குள்ள காஞ்சு வெடிச்சுப் போயிருக்குமுங்க" என்றார் திருமூர்த்தி. "பொட்டு வெச்சே பழகின கனகமா இருந்தா, ஒரு சொட்டுத் தண்ணி விட்டுக் கரைச்சுச் சந்தனத்தோடயே வெச்சிருப்பாங்க. வந்தவருக்கு அவசரம், பழக்கமும் இல்லை. வெறுங் குங்குமத்தை அப்பிட்டுப் போயிட்டாரு. அது வெறுங் குங்குமம்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. காலைல குறட்டை எடுத்தவங்களுக்கும், ராத்திரி பொட்டு வெச்சவருக்கும். எடுத்தவங்க இந்த அம்மணி. நீங்க தாராபுரத்துல இருந்தீங்கன்னு சொன்னீங்க."

கோபாலசாமி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நாமம் கலைந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து, தாராபுரம் விலாசத்தைக் கேட்டார். கோபாலசாமி கதவுப் பக்கம் பார்த்தார். டிராயரில் நோட்டுக்கட்டு வந்த வழியை ஜீப்பில் பேசிக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது, கோபாலசாமி யார் கையும் படாமலே எழுந்து கான்ஸ்டபிளோடு நடந்தார்.

அப்போதுதான் மேஜைமேல் போன் அடித்தது.

கனகம் நகரவில்லை. ரம்லா திருமூர்த்தியைப் பார்த்தாள். அவர் அன்புச்செல்வியைப் பார்த்தார். அவள் எழுந்து போய் ரிசீவரை எடுத்தாள்.

"என்ன அம்மணி, கையெழுத்துப் போட்டாச்சா?" என்றது அந்தக் குரல். "உங்கப்பன் இப்பத்தான் தறிக் குடோனை விட்டுச் சைக்கிளை எடுக்கறான்."

பின்னணியில் அதே பூச்சி கீச்சிட்டது. இந்தத் தடவை அவள் பயத்தோடு கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். அது பூச்சியல்ல. பெரியநாயக்கன்பாளையம் பட்டறையில் அவள் மோட்டார்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பு பெல்ட்டில் மாட்டிய, சேதி வந்தால் கத்தும் புதுப் பேஜரை ஒருவன் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்தான். அது இப்படித்தான் கத்தியது. அப்பாவை வேவு பார்க்கும் ஹெல்மெட்காரன் சேதி அனுப்புவது அதற்குத்தான்.

"பிரவின்குமாருங்களா?" என்றாள் அன்புச்செல்வி.

மறுமுனையில் கீச்சுச் சத்தத்தை யாரோ சட்டென்று அணைத்தார்கள்.

"கோபாலசாமி சார் போலீஸ் ஜீப்புல ஏறிட்டு இருக்காருங்க. கூப்புடட்டுங்களா? இல்லைன்னா ஒரு நிமிசம் இருங்க, இன்ஸ்பெக்டர் இங்கதான் நிக்கறாரு."

போன் டக்கென்று செத்தது. இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் தறிக் குடோன் ரோட்டுக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் ஆள் அனுப்பச் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்.

அவள் ரிசீவரை வைத்தாள். கைப்பைக்குள் கையை விட்டுக் குறடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், இருந்தது. பிறகு காலையிலிருந்து மடித்தபடியே கையோடு கொண்டுவந்திருந்த துண்டை எடுத்து, தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, கொஞ்சம் காரை எடுக்கறீங்களா?" என்றாள் திருமூர்த்தியிடம். "எங்கப்பா அந்த ரோட்டுலதான் வந்துட்டு இருப்பாரு. வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன்."