லெம்பி அத்தை நின்ற கதவு

குளிர்பெட்டிக் கதவு படாரென்று திறந்தது.

"என்னடி இது? பீர் எடுக்கக் கைய விட்டா மாம்சம் வருது... வீடு பூரா பொண நாத்தம்!"

அப்பாவின் குரல். டெஸ்ஸா மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். பதினாறு வயதுக்குள் அந்தக் குரலை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். எந்த வார்த்தையில் குரல் தடித்தால் அடி விழும், எந்த வார்த்தையில் தாழ்ந்தால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அத்துபடி. இன்று தப்பிக்க வழியில்லை.

"அது என் பாடத்துக்கு, டேல். ஆட்டு இதயம். ரெண்டு பை போட்டுக் கட்டித்தானே வெச்சிருக்கேன்?" அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "சாயங்காலம் நாலு மணிக்குப் பரீட்சை. முடிஞ்சதும் நானே தூக்கிப் போட்டுடறேன்..."

"பரீட்சை! நாப்பது வயசுல பரீட்சை!"

அம்மா மார்னி ஏழு வருஷமாக முதியோர் இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிடும் வேலை பார்க்கிறாள். நர்ஸ் படிப்பில் இடம் வேண்டுமென்றால் உடற்கூறுப் பாடத்தில் தேறியாக வேண்டும். கல்லூரியோ இரண்டரை மணி நேரத் தொலைவு. அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில், நவம்பர் பிறந்துவிட்டால் பாதி நாள் பனியில் ரோடே இருக்காது. அதனால் வீட்டிலிருந்தே படித்தாள். தட்டு, சின்னச் சின்னக் கத்திகள், மருந்தில் ஊறிய இதயம், சிறுநீரகம், மாட்டுக் கண் எல்லாம் ஒரு பெட்டியில் தபாலில் வந்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் தன் பெயர் எழுதிய சீட்டை வைத்து அம்மா படம் எடுத்து அனுப்புவாள்.

கடைசியில் ஒரு நேரடிப் பரீட்சை. கேமராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, அறுத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அறையில் வேறு ஆள் வந்தாலோ, வேறு மனிதக் குரல் கேட்டாலோ பரீட்சை செல்லாது. இரண்டு வாரத்துக்கு முன் அப்படித்தான் ஆயிற்று. பாதிப் பரீட்சையில் அப்பாவின் அக்கா லெம்பி அத்தையின் குரல் கூடத்திலிருந்து கணீரென்று கேட்டது: "மார்னீ... உருளைக்கிழங்கு அடிப்பிடிக்குது!"

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அது இன்றைக்கு.

தேறிவிட்டால் ஜனவரியில் இடம், தங்குவதற்கு விடுதி, மாதப் பணம். "உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்டா கண்ணு" என்று காரில் ஒரு நாள் அம்மா சொன்னாள். அன்றிலிருந்து அந்த ரகசியம் டெஸ்ஸாவின் வாய்க்குள் நெருப்புத் துண்டாகக் கிடக்கிறது. மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஏன் அண்ணி, இன்னிக்கும் உருளைக்கிழங்கு வேக வெக்கப் போறீங்களா?" என்றாள் அம்மா. இரண்டு வாரத்தில் அத்தையிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த லெம்பி அத்தைக்குச் சுருக்கென்றது. "நான் என்ன வேணும்னா கூப்பிட்டேன்? வீட்டுல இருக்கிற மனுஷி வாய்க்கு பிளாஸ்திரி போட்டுக்கிட்டா உக்காந்திருப்பா?"

"அக்காவையே எதுத்துப் பேசுறியா நீ?"

அவ்வளவுதான். அப்பாவின் கை அம்மாவின் தலைமயிரைப் பிடித்தது. குளிர்பெட்டியின் விளிம்பில் அவள் நெற்றி மோதிய சத்தம் மாடிப்படி வரை கேட்டது. அடுப்பில் இருந்த அப்பம் கருகிப் புகைந்தது. டெஸ்ஸா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்தக் கூடாது... கத்தினால் இன்னும் இரண்டு விழும். எப்போதும் அதுதான் கணக்கு.

ஆனால் அப்பா நிறுத்திவிட்டார். பையை எடுத்தார். மேஜையில் அம்மா எழுதி வைத்திருந்த பெயர்ச்சீட்டையும் எடுத்தார். கதவோரம் சாத்தியிருந்த மான் வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். விறகு பிளக்கும் கட்டைமேல் சீட்டை விரித்தார். அதன்மேல் இதயத்தை வைத்தார். பத்தடி பின்னால் வந்து நிதானமாகக் குறி பார்த்தார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாம்பல் நிறத் துண்டுகள் வெள்ளைப் பனியில் சிதறின.

உள்ளே வந்து சிரித்தார். "பேர் எழுதி வெச்சிருந்தியே மார்னி... பேரப் படிச்சுப் பாத்துட்டுத்தான் சுட்டேன். சாயங்காலம் நான் வரும்போது அந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

வண்டி உறுமிக்கொண்டு போயிற்று. அம்மா தரையில் உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. துடைக்கக் கூட இல்லை. போனை எடுத்து ஆசிரியை பெல்லமியைக் கூப்பிட்டாள். "மேடம்... என் ஆட்டு இதயம் போயிடுச்சு. எப்படின்னு கேக்காதீங்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "இது மான் சீசன்தானே மார்னி? உங்க ஊர்ல ஒரு மான் இதயம் கிடைக்காதா? ஆடோ மானோ, எனக்கு நாலு அறை இருந்தாப் போதும். நாலு மணிக்கு வந்துடு."

நேற்று, சீசனின் முதல் நாள் வேட்டையில் அப்பா அடித்த கலைமானின் இதயம், ரொட்டிப் பைக்குள், அத்தையின் அறைக் குளிர்பெட்டியில் இருந்தது. வருஷா வருஷம் அதை வெண்ணெயில் வெங்காயம் போட்டு வதக்கித் தம்பிக்குப் பரிமாறுவது அத்தையின் உரிமை. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

லெம்பி அத்தை எழுந்து போனாள். திரும்பி வந்து அந்தப் பையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ஆமாம்மா... வேணும்னேதான் கூப்பிட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உருளைக்கிழங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல! அடுப்பே பத்த வெக்கல. எனக்குப் பதினாலு வயசு, டேலுக்கு அஞ்சு. எங்கம்மா முடி வெட்டப் படிக்கப் போறேன்னு கிரீன் பே ஊருக்கு பஸ் ஏறினா. ஆறு மாசத்துல வர்றேன்னா... வரவே இல்ல. அன்னிலேர்ந்து அவனுக்கு நான்தான் ஆக்கிப் போட்டேன், நான்தான் துணி துவைச்சேன், கல்யாணம்கூட வேணாம்னேன். நீயும் படிப்பு படிப்புன்னு போயிட்டா மறுபடியும் அவன் என் கையில வந்து விழுவானேன்னு... பயந்துட்டேன்டி!"

"என் வாழ்க்கையே அந்த ஒரு பரீட்சைலதான் இருந்துச்சு அண்ணி! உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சேவா பண்ணீங்க?"

"தெரிஞ்சுதான் பண்ணேன். என்னைத் திட்டு. அடிக்கணுமா, அடி. ஆனா இன்னிக்கு அவன் உம்பேரு மேல சுட்டானே... நான் பாத்தேன். அவன் கண்ண நான் பாத்தேன்." அத்தை மார்பில் கையால் அறைந்துகொண்டாள். "சவுனாவுக்குப் போ. அங்க ஒரே கதவுதான். அவன் சீக்கிரம் வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? அவனுக்கு எதிரா வாயத் திறந்ததே இல்லையே நீங்க!"

"வாயத் திறக்கறதா சொல்லலையே. பாத்துக்கறேன்னு சொன்னேன்."

வீட்டுக்குப் பின்னால், மரத்தால் கட்டிய சவுனா என்னும் அந்த வேர்வைக் குளியல் அறையில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. பெஞ்சில் தட்டு, கத்தி, கம்ப்யூட்டர். அம்மா நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, அதை மறைக்க முடியை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு அத்தை கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். பாதையைச் சுத்தம் செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று பனி தள்ளும் எந்திரத்தோடு டெஸ்ஸாவை நிறுத்தினாள்.

உள்ளே அம்மாவின் குரல் மெல்லக் கேட்டது. "இது வலது மேலறை... இது மூவிதழ் வால்வு..." பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

நாலு பத்துக்கு வண்டி வெளிச்சம் மரங்களுக்கிடையே வளைந்தது.

அப்பா இறங்கினார். நடையில் தள்ளாட்டம். வீட்டுக்குள் போனார், பாத்திரங்கள் உடையும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பனியில் இருந்த காலடித் தடங்களைப் பார்த்தார். நேராகச் சவுனாவை நோக்கி வந்தார்.

"நகரு அக்கா."

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். மாட்டேன்.

"நகரு! மார்ன்..."

அந்தப் பெயர் முழுதாக வெளியே வருமுன் டெஸ்ஸா எந்திரத்தின் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். உறுமல் கிளம்பியது. பிடியை அழுத்தினாள். எந்திரம் பனியைக் கடித்துத் துப்ப ஆரம்பித்ததும் முற்றமே அதிர்ந்தது. எந்திரச் சத்தத்துக்குத் தடையில்லை, மனிதக் குரல்தான் கூடாது... அப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் சத்தம் இல்லை. அதுதான் டெஸ்ஸாவை வாழ்நாளெல்லாம் விடாது.

அப்பா அத்தையின் கன்னத்தில் அறைந்தார். அத்தையின் கண்ணாடி பறந்தது. தோளைப் பிடித்து இழுத்தார். அத்தை பின்னால் கை விட்டுக் கதவின் இரும்புப் பிடியைப் பற்றிக்கொண்டாள். வயிற்றில் உதைத்தார். அத்தை மடங்கினாள், ஆனால் பிடியை விடவில்லை. டெஸ்ஸா ஓடப் பார்த்தாள். ஓடினால் பிடி தளரும், எந்திரம் அடங்கும், அப்பாவின் குரல் கதவைத் தாண்டிப் போய்விடும். அத்தை அவளைப் பார்த்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, இன்னொரு கையை உயர்த்தி வேகமாக ஆட்டினாள். விடாதே, விடாதே.

அப்பா விறகுக் குவியலிலிருந்து ஒரு பிர்ச் மரக் கட்டையை எடுத்தார்.

ஐயோ... உயர்த்திய அந்தக் கை மேலேயே இறங்கியது. மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கியது. அத்தையின் வாய் அகலத் திறந்தது. அந்த அலறல் முழுவதையும் எந்திரம் விழுங்கிவிட்டது. அத்தை கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். அப்போதும் முதுகு கதவில்தான் இருந்தது.

அப்பா இப்போது டெஸ்ஸா பக்கம் திரும்பினார். எந்திரத்தை அணைக்க வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணீரில் எதிரே எதுவும் தெரியவில்லை. பனி துப்பும் குழாயின் திருகைத் திருப்பினாள். பனியும் கல்லும் கலந்து அப்பாவின் முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறினார். மறுபடி எழுந்தார். மறுபடி அடித்தது. மல்லாந்து விழுந்தார்.

எவ்வளவு நேரம்? தெரியாது. சவுனாவின் கதவு உள்பக்கமாகத் திறந்தது. அத்தை அப்படியே அம்மாவின் கால்மேல் சாய்ந்தாள்.

அம்மா அங்கே நின்றாள். கையுறையில் மணிக்கட்டு வரை ரத்தம், விரல்களுக்கிடையே அந்தச் சின்னக் கத்தி. டெஸ்ஸா பிடியை விட்டாள். எந்திரம் அடங்கியது.

எழுந்து வந்த அப்பா அந்தக் கையைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். அவர் பின்வாங்கி டெஸ்ஸா பார்த்ததே இல்லை.

உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து ஆசிரியையின் குரல் கேட்டது. "மார்னி? பரீட்சை முடிஞ்சாச்சு, நீ தேறிட்ட. ஆனா அங்க என்ன நடக்குது? போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க மேடம்" என்றாள் அம்மா, அப்பாவை விட்டுக் கண்ணெடுக்காமல். "விலாசம் உங்ககிட்ட இருக்கு."

அப்பா விறகை நழுவவிட்டார். அந்த விறகு பிளக்கும் கட்டைமேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அக்கா... நான் வேணும்னு பண்ணல அக்கா... குடிச்சிருந்தேன்... சொல்லு அக்கா, அவங்ககிட்ட சொல்லு!"

லெம்பி அத்தை மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். "நாப்பது வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டேன்டா தம்பி. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து நீயே ஆக்கிச் சாப்பிட்டுக்கோ."

அம்மா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியில் மண்டியிட்டாள். அத்தையின் கைக்கு இரண்டு பக்கமும் விறகுச் சிராய்களை வைத்துத் தன் கழுத்துத் துண்டால் கட்டினாள். கட்டும்போது அவள் விரல் நடுங்கவில்லை. கட்டி முடித்த பிறகுதான் உடைந்தாள்.

"ஏன் அண்ணி... ஒரு அடி நகர்ந்திருக்கக் கூடாதா? கையே போச்சே அண்ணி!"

"உன் பரீட்சைய ஒரு தடவை நான்தான் கெடுத்தேன். ரெண்டாவது தடவையும் இந்த வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்துடக் கூடாதுன்னு..." அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். டெஸ்ஸா இருவருக்கும் நடுவில் புகுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று பேரின் அழுகையும் ஒன்றாகிவிட்டது. இனி எந்தக் குரலையும் அடக்க வேண்டியதில்லை.

ஷெரீப்பின் போலீஸ் வண்டி அப்பாவை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அம்மா ஒரு பையில் துணியும் கம்ப்யூட்டரும் எடுத்து வைத்தாள். அத்தையின் பழைய காரிலேயே மூவரும் கிளம்பினார்கள். வீட்டு விளக்கை யாரும் அணைக்கவில்லை.

மருத்துவமனையில் படிவம் நிரப்பும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "லெம்பி... முன்னாடி ரெண்டு தடவை வந்திருக்கீங்க. விலா எலும்பு, அப்புறம் மணிக்கட்டு. ரெண்டு தடவையும் பனியில வழுக்கினதா எழுதியிருக்கு. இந்தத் தடவையும் வழுக்கினதுதானா?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் அது அவளுக்குத் தெரியாது. அத்தையும் அவளை ஒரு கணம் பார்த்தாள்.

"இல்லம்மா. எந்தத் தடவையும் வழுக்கல. என் தம்பி அடிச்சான். டேல்னு எழுதிக்கோ. மூணு தடவைக்கும் எழுதிக்கோ."

அந்தப் பெண் எழுதினாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க அண்ணி இவங்க. இனிமே என்கூடத்தான் இருப்பாங்க."

"விலாசம்?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்த இடத்தக் காலியா விடுங்க," என்றாள். "ஜனவரியில நானே வந்து எழுதறேன்."