அழாத பிள்ளை

யோவான் திருநாளன்று அந்தி சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு தீ மூட்டினார்கள். சுட்ட சோளத்தின் வாசமும் வெடிப்புகையும் ஜெனிபாப்புப் பழச் சாராயத்தின் இனிப்பு நெடியும் ஒன்றாகக் குழைந்து, ஓடுகளின் இடுக்கு வழியே இறங்கி, அறைகளுக்குள் தங்கிவிட்டன. வாசலிலேயே சரம் சரமாக வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டு ஓய்ந்து மறுபடி ஊளையிட்டது. எவாண்ட்ரோவின் தங்கை டாமியானாவின் மடியில் கிடந்த கைக்குழந்தை மட்டும் அழவில்லை. கண்ணை அகல விரித்துக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"என்ன சமத்துப் பிள்ளை பெத்திருக்கே டாமி! எங்க வீட்டுத் தடியன் மீசை முளைச்சும் வெடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில பூந்துக்கிறான்" என்றாள், சோளம் கொண்டுவந்த அடுத்த வீட்டுக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். எவாண்ட்ரோவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூரை உத்தரங்களை ஒரு முறை நோட்டம் விட்டான்.

அந்தப் பிள்ளை அழுத அழுகை தெருவுக்கே தெரியும். பிறந்த நாளிலிருந்து இரவும் பகலும் வீல் வீலென்று கத்தியது. புருஷன் வால்மிர் கப்பல் வேலைக்குப் போனவன், தொலைபேசியில் மட்டும் குடும்பம் நடத்துகிறவன். டாமியானா தனியாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்து நடந்து கண்ணெல்லாம் குழி விழுந்துபோனாள். மாமியார் டோனா ஜுசாரா வேறு, "உன் பால் தண்ணிப் பாலு. பிள்ளை பசியில கத்துது" என்று போகிற வருகிறவர்கள் காதுபடச் சொல்லுவாள். அப்படிப்பட்ட பிள்ளை திடீரென்று ஒரு நாள் அடங்கியது. அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பது எவாண்ட்ரோவுக்கு மட்டும் தெரியும். அல்லது அப்படி அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஒரு சாரை இருந்தது. ஊரில் கனினானா என்பார்கள். வாயாடிப் பெண்களைத் திட்டுவதற்கும் அதே பெயர்தான். ஆளை விட நீளம், கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டைகள். கொக்கோ தோட்டத்தில் கூலியாட்கள் அரிவாளோடு சூழ்ந்து நின்றபோது, கழுத்தை உப்பிக்கொண்டு அத்தனை பேரையும் எதிர்த்து நின்றது. கெஞ்சிக் கூத்தாடி அதை ஒரு சாக்கில் வாங்கி வந்தான். ஃபீட்டா என்று பெயர் வைத்தான், ரிப்பன் என்று அர்த்தம். பழைய துணி அலமாரியின் கதவில் கம்பிவலை அடித்து அதற்கு வீடு செய்தான். மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிற ஜாதி இல்லை அது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். வலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அவன் வேலை பார்க்கிற கொக்கோ கிடங்கில் எலிக்குப் பஞ்சமில்லை, தினம் ஒன்று கொண்டுவருவான். சொந்தமாக ஒரு வீடோ மனைவியோ இல்லாமல், தங்கை வீட்டுக் கொல்லையறையில் ஒண்டிக்கிடந்த அவனுக்கு, அவன் காலடி கேட்டதும் தலையைத் தூக்குகிற ஜீவன் அது ஒன்றுதான்.

டாமியானா கர்ப்பமானதும் டோனா ஜுசாரா இடுப்பில் கையை வைத்து நின்றாள். "பாம்பா, பிள்ளையா? ரெண்டும் ஒரு கூரைக்கடியில ஆகாது." பாம்பைக் காட்டில் விட்டுவிடுவதாக எவாண்ட்ரோ செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான். சாக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தான். இருட்டியதும் அதே சாக்கோடு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து, அறைக்குப் பூட்டுப் போட்டான். சாவியையோ, டாமியானா துணி துவைக்கப் போகும்போது கொல்லைக் கதவுச் சாவியை எடுக்கிற அதே ஆணியில் மாட்டி வைத்தான். மறைக்கத் துணிந்தவனுக்கு ஒழுங்காக மறைக்கத் தெரியவில்லை.

பிள்ளை அடங்குவதற்கு முந்தைய நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அலமாரிக் கதவு திறந்து கிடந்தது, பாம்பைக் காணோம். காலையில் கொக்கி போட்டோமா? போட்ட ஞாபகம் இருந்தது. நேற்று போட்ட ஞாபகமாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை, மச்சும் கிடையாது. ஒரு அறையின் இருமல் அடுத்த அறையில் கேட்கும். சுவர் மேல் ஏறிய பாம்புக்கு எல்லா அறையும் ஒரே அறைதான். அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தால் சத்தியம் வெளியே வரும், அம்மா பெயர் வெளியே வரும். வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

திருநாள் முடிந்த காலையில் டோனா ஜுசாரா வாசல் சாம்பலை முறத்தில் அள்ளிவந்து சல்லடையில் சலித்து, மருமகளின் கட்டிலைச் சுற்றித் தூவினாள்.

"இது எதுக்கு?" என்றான் எவாண்ட்ரோ.

"யோவான் நெருப்புச் சாம்பல் பொய் சொல்லாது. பிள்ளை அழல, ஆனா தேயுது. கனினானா வருது. தாயோட மாருல பாலைக் குடிச்சிட்டு, பிள்ளை சத்தம் போடாம இருக்க வால அது வாயில குடுக்கும். பிள்ளை வாலைச் சப்பிக்கிட்டே பட்டினியில போகும்."

"பாம்புக்கு உதடே கிடையாதுங்க. எப்படி உறிஞ்சும்?"

"செத்துப்போன எம் புருஷனுக்கும் உதடே கிடையாது, கோடு போட்ட மாதிரிதான் இருக்கும். குடிக்காமலா இருந்தான்?"

அவன் சிரித்துவிட்டான். கட்டிலில் டாமியானா சிரிக்கவில்லை. சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். மழை விட்டு வெயில் காய்ந்து, ஓடுகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. டோனா ஜுசாரா வாசல் கூடத்துத் துணி ஊஞ்சலில் குறட்டை விட்டாள். ஊஞ்சல் கயிறு கொக்கியில் கிறீச், கிறீச் என்று தேய்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மிக லேசாக, ஈரமான ஒரு சத்தம் வந்தது. தங்கையின் அறைத் திரையை விலக்கினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ரவிக்கை அவிழ்ந்து முதுகு வெளியே தெரிந்தது. கூச்சத்தில் உடனே கண்ணைத் தாழ்த்தினான். தாழ்த்திய கண்ணுக்குச் சாம்பல் தெரிந்தது. சுவரடியிலிருந்து கட்டில் காலுக்கு, வழவழவென்று, நெளிந்து நெளிந்து ஒரு தடம். போன தடம்தான் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

கட்டிலைப் பார்த்திருக்க வேண்டும். போர்வையை உருவியிருக்க வேண்டும். கூரை வழியாகப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாம்பு பால் குடிக்காது, எலியைத் தேடித்தான் வந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டான். ஊஞ்சல் சத்தம் நின்றது. கிழவி எழுந்துவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் சாம்பலைத் தேய்த்து நிரவினான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தினமும் மதியம் வருவான். தடம் இருக்கும். தேய்ப்பான். உத்தரம், அரிசிப் பானை, பரண் என்று தேடுவான். பாம்பு அகப்படாது. கால் இடுக்கில் ஒட்டிய சாம்பலைக் கொல்லைக் குழாயில் கழுவுவான். மாலையில் டோனா ஜுசாரா குனிந்து பார்த்துவிட்டு, "தடமில்ல. அப்போ பாம்பு இல்ல. உன் மாருதான் செத்துப்போச்சு" என்று மருமகளைக் குத்துவாள். பிள்ளையின் தொடை மடிப்பெல்லாம் தொங்கிப்போயிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்த்துவிட்டு டாமியானாவை ஏற இறங்கப் பார்த்தாள். டாமியானா தலையைக் குனிந்தாள். கூடவே நின்ற எவாண்ட்ரோவும் குனிந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளுக்குப் பழி தீரும், பிள்ளை பிழைக்கும். அவன் குடையை விரித்தான், அவ்வளவுதான். அன்று சோற்றை வாயில் வைக்கவே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கொட்டுகிற மழையில், கொல்லையறை உத்தரத்தில் மஞ்சள் பட்டை ஒன்று நகர்வதைக் கண்டான். ஏணி போட்டு ஏறினான். அது கழுத்தை உப்பி, வாலைப் படபடவென்று அடித்து, அவன் முழங்கையில் இரண்டு முறை கொத்தியது. விடவில்லை. மார்போடு அணைத்து இறக்கினான். கனத்திருந்தது. எலியே போடாமல் இத்தனை நாள் கிடந்த பாம்பு கொழுத்திருந்தது. மூக்குப் புண் ஆறியிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு வாசம் வந்தது. எலி வாசம் இல்லை. பச்சைப்பிள்ளையைத் தூக்கினால் கழுத்தோரம் அடிக்குமே, அந்தப் புளித்த பால் வாசம். அதை அலமாரிக்குள் தள்ளிக் கொக்கி போட்டான். கொக்கி மேல் கம்பியை இறுக்கி முறுக்கினான்.

அன்று மாலை பிள்ளை அழுதது. பழைய அழுகை, வீல் வீலென்று, மூச்சு முட்ட. டோனா ஜுசாரா காதைப் பொத்திக்கொண்டாள். எவாண்ட்ரோவுக்கு அந்த அழுகை இனித்தது. படுக்கையில் கிடந்து அதைக் கேட்டு, வெகுநாளைக்குப் பிறகு கண்ணை மூடினான். சத்தியத்தைக் காப்பாற்ற நாளைக்கே அதை நிஜமாகவே காட்டில் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டான். விடிந்ததும் டாமியானா காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரவெல்லாம் நடந்து கால் வீங்கியிருந்தது.

"முழங்கையில என்னண்ணா காயம்?"

"கிடங்குல கம்பி கிழிச்சிருச்சு."

அவள் காயத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையிடம் போய்விட்டாள்.

மதியம் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே காதைத் தீட்டினான். அழுகை இல்லை. வாசலில் ஊஞ்சல், கிறீச், கிறீச். கொல்லையறைக்கு ஓடினான். பூட்டு திறந்திருந்தது. அலமாரி திறந்திருந்தது. பாம்பு முட்டித் திறந்த கதவு இல்லை அது. முறுக்கிய கம்பியைப் பொறுமையாகப் பிரித்து, நேராக்கி, ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

சாவி இருக்கிற ஆணியில்.

திரும்பி நடந்தான். நடை கூடம். சமையலறை. திரை. ஈரச் சத்தம். இன்றைக்கு நெருக்கத்தில். திரையை விலக்கினான். சாம்பலில் தடம். கூடவே வெறுங்கால் தடமும். பெண்ணின் கால்.

இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை.

டாமியானா விழித்திருந்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதண்ணா. இப்பத்தான் அடங்கினான்."

போர்வை அவள் நெஞ்சு மேல் மேடாக இருந்தது. மேடு ஏறி இறங்கியது. அவள் மூச்சோடு இல்லை, வேறு தாளத்தில். போர்வையின் ஓரத்தில் கறுப்பு உடம்பு வெளியே வந்து, தலையணையைச் சுற்றி, பிள்ளையிடம் போயிருந்தது. பிள்ளையின் கன்னம் உள்ளே ஒட்டி ஒட்டி விரிந்தது. வாயில் வால் நுனி. குச்சி விரல்களால் ஒரு மஞ்சள் பட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"கொக்கிய நீ மறக்கலண்ணா" என்றாள் ரகசியமாக. "நான்தான் தொறந்தேன். அன்னிக்கு இவனச் சுவத்துல அடிச்சிருவேனோன்னு எனக்கே பயம். எங்கயாவது ஓடிப் போலாம்னு உன் ரூமுக்குள்ள வந்தேன். அது என்னைப் பார்த்துச்சு. அதைத் தவிர வேற யாருக்கும் நான் கத்தறது கேட்கல." அவள் கண்ணில் நீர் வழிந்தது. "அசிங்கமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? அப்புறம் நீ சாம்பல அழிக்கறதப் பார்த்தேன். தெனமும். எங்கண்ணனுக்குப் புரியுதுன்னு நெனச்சேன்."

  பிள்ளையைப் பிடுங்க வேண்டும். ஒரு எட்டு வைத்தால் போதும்.

ஊஞ்சல் சத்தம் நின்றது.

"அத்தை வர்றாங்க" என்றாள் டாமியானா. கெஞ்சினாள். "அண்ணா. சாம்பல்."

செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது. கிழவி வருவாள். அம்மா மேல் செய்த சத்தியம் பொய்யானதைப் பார்ப்பாள். அழித்த தடங்களைப் பார்ப்பாள். இவளைப் பார்ப்பாள், இந்தக் கோலத்தில். தெரு முழுக்கத் தெரியும். முகமெல்லாம் எரிந்தது. செருப்பை உதறிய அவன் கால் தானாக நீண்டது. சாம்பல் உள்ளங்காலில் ஜில்லென்று இருந்தது. தேய்த்தான். பாம்புத் தடம். பெண் தடம். தன் தடம்.

"என்னப்பா, பிள்ளை தூங்கறானா?" திரைக்கு அந்தப்பக்கம் டோனா ஜுசாரா.

"தூங்கறான்" என்றான் எவாண்ட்ரோ. "ரெண்டு பேரும் தூங்கறாங்க."

"சமத்து" என்றாள் கிழவி. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

பிள்ளை தூங்கவில்லை. குழி விழுந்த கண்ணை அகல விரித்து, சப்புவதை நிறுத்தாமல், மாமனையே பார்த்துக்கொண்டு கிடந்தது.