அம்மா ஊற்றவில்லை

இரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, டாக்டர் மறுபடி அதே குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்தார். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருந்தது. பினாயில் நெடிக்கு அடியில் வேறொரு வாடை. ஈரமான, பச்சைப் புண்ணின் வாடை.

கடைசிக் கட்டிலைப் பார்க்காமல் கடந்துவிடத்தான் நினைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கேதான் அந்த ஐந்து வயதுச் சிறுமி கிடந்தாள். தொட்ட இடமெல்லாம் தோல் உரிந்து வந்தது. "பரம்பரையா வர்றதுங்க டாக்டர், என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று அவள் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "சுடுதண்ணிய ஊத்திட்டுக் கதை விடுறியா?" என்று அடித்துப் பேசியவர், போலீஸுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அம்மா சிறைக்குப் போனாள். அம்மாவைக் கேட்டு அழுதழுதே ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பரிசோதனை முடிவு வந்தது. பிறவிக் கோளாறு. டாக்டர் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். தன் பெயர் கெட்டுவிடக் கூடாதே!

"இந்தக் கட்டில்ல யாரு?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"யாரும் இல்லையே சார். காலியாத்தான இருக்கு?"

ஆனால் போர்வை மூச்சுவிட்டது.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவர் வலது மணிக்கட்டைப் பற்றியது. சில்லென்று, பிசுபிசுப்பாக.

"யாரு ஊத்தினா?"

உதறினார். அவர் கை பிடியிலிருந்து வந்துவிட்டது.

தோல் வரவில்லை.

அவர் போட்ட அலறலில் வார்டே திரண்டது.

காற்று பட்டாலே உயிர் போனது. எந்த மருந்துக்கும் அடங்காமல், நாளுக்கு நாள் தோல் மேலே மேலே உரிந்துகொண்டு போனது. தோளை எட்டியபோது, நடந்ததையெல்லாம் இடது கையால் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தார். சிறைக்கே போய், கம்பிக்கு அப்பால் நின்ற அந்த அம்மாவிடம் கெஞ்சினார்.

"தப்பு என்னோடதும்மா. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வெளிய வந்துடுவீங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க... என்னை விட்டுடச் சொல்லுங்க."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"போதும்டி கண்ணு. அம்மாகிட்ட வந்துடு."

அவர் காதோரம் குளிர்ந்த மூச்சு.

"இரும்மா. இன்னும் முகம் இருக்கு."