பெண்ணெலிகளின் நீச்சல்

அறைச் சுவர்களில் இடுப்பு உயரத்தில் ஓர் அழுக்குக் கோடு ஓடியது. ரீத்தா துடைத்தாள். மறுநாளும் அங்கேயே கோடு. காயாத ரப்பர் ஷீட்டின் வாடை மண்டிய அந்த வீட்டில், மகள் சிஜி உள்ளங்கையைச் சுவரில் உரசியபடி அறை அறையாகச் சுற்றுவது, யாரோ சாக்கை இழுத்துப் போவதுபோல ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னத்த மக்கா தேடுத?"

"வாசலு இங்கதானே உண்டு அம்மா?"

வாசலைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சிஜிக்கும் அண்ணன் ரிஜோவுக்கும் சிறுவயது முதல் வலிப்பு. புது மாத்திரை வலிப்பை நிறுத்தியது, கூடவே ஞாபகத்தையும் கொண்டுபோனது. பாலராமபுரத்துத் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற வழியே ரிஜோவுக்கு மறந்தது. ரீத்தா ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூடு கழுவுகிறவள். அதே மாத்திரையால் ஞாபகம் மந்தித்த எலிகளுக்கு அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பொடி கொடுத்தார்கள். ஞாபகத்தைச் சோதிக்கப் பால்பொடி கலக்கிய தொட்டித் தண்ணீருக்கடியில் மறைந்திருந்த மேடையை அவை கண்டுபிடித்து ஏறி நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த மருந்துப் பொடியை முந்தானையில் முடிந்து வந்து பிள்ளைகள் இருவருக்கும் கொடுத்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள் மக்களே, வேறு போக்கில்லை. ரிஜோ தேறினான். சிஜிக்கு மெதுவாகத்தான் கேட்கும் என்று அளவைக் கூட்டினாள்.

இன்று மத்தியானம் ஆராய்ச்சிக்கார அனில் கூப்பிட்டார்.

"சேச்சி, கீழ்த்தட்டுக் கூட்டை எடுங்க. பெண்ணெலியையும் நோக்கணுமாம்."

"இதுவரை நோக்கல்லியா சார்?"

"ஆணு மட்டும் ஆக்கும். பெண்ணுக்கு நாலஞ்சு நாளைக்கொருக்க உடம்பு மாறும், கணக்கு குழம்பும்னு சேக்கல்ல."

பொடி தின்ற பெண்ணெலிகள் தண்ணீரில் விழுந்தன. நடுவுக்கே வரவில்லை. தொட்டிச் சுவரை ஒட்டி, சுற்றிச் சுற்றி. ஒன்றைத் தூக்கி மேடையில் வைத்தார் அனில். இறங்கிவிட்டது. மறுபடி சுவர். நகங்கள் சுவரில் உரசின.

சாக்கை இழுப்பதுபோல.

கூட்டைப் போட்டுவிட்டு ரீத்தா ஓடினாள்.

மழை. வீடு திறந்து கிடந்தது. வெளிமதிலில் பாசி ஒரே கோடாக உரிந்திருந்தது. இடுப்பு உயரம். கோடு குளத்துக்குப் போயிற்று.

சிஜி நீந்திக்கொண்டிருந்தாள். கல்சுவரை ஒட்டி. படிக்கட்டு வந்தது. தாண்டினாள். சுற்றி வந்தாள். தாண்டினாள்.

"மக்கா, படி. ஏறு."

மகளின் கண் அவளைப் பார்த்தது. பார்த்து விலகியது.

ரீத்தா இடுப்பளவு இறங்கி, மகளை இழுத்து, படியில் உட்கார்ந்து மடியில் போட்டாள். நீலம் பாய்ந்த உதடு. மடியில் கிடந்தும் கால்கள் நீந்துவதை நிறுத்தவில்லை.

மேலே குடையோடு ஓடிவந்தான் ரிஜோ. தெளிந்த முகம்.

"பேடிக்காத அம்மா. காலைல நீ பொடி குடுக்க மறந்துட்டுப் போன. நான் மறக்கல்ல. இருந்தது முழுசும் அவளுக்குக் குடுத்தாச்சு."

ரீத்தாவின் கை தளர்ந்தது. மகளின் ஈர உடம்பு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. உள்ளங்கை சுவரைத் தேடிப் பிடித்தது.